பந்தல் கம்பியில் கட்டிய குண்டு

அந்தக் கோடை முழுக்க என் இடது கை விரல்கள் எரிந்துகொண்டே இருந்தன. கொப்புளம் கட்டி, உடைந்து, உடைந்த இடத்திலேயே மறுபடி இரும்பு உரசி, வியர்வையின் உப்பு உள்ளே இறங்கி, குடத்தின் கழுத்தைப் பிடிக்கும்போதும் சடை பின்னும்போதும் பாவாடை நாடாவை இறுக்கும்போதும் சுள்ளென்று ஒரு தீ விரலடியில் ஏறும்; அதை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டே நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாருக்குப் புரியும் என்று தெரியவில்லை. திராட்சைக் கொடிகளுக்கு அடித்த மயில்துத்தமும் சுண்ணாம்பும் காற்றில் வாடையாய் நிற்க, அறுப்பு முடிந்த வயல்கள் தாளோடு காய்ந்து வெடித்துக் கிடக்க, மேற்கு மலைகள் வெக்கையில் கரைந்து இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நடுங்க, பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த ஒரு பெண், நெல் காயப்போடும் களத்துச் சிமெண்டுத் தரையில், கம்பியில் கட்டிய இரும்புக் குண்டு ஒன்றைத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தாள். சுருளிப்பட்டிப் பக்கத்தில் அதற்கு முன்னால் எந்தப் பெண்ணும் அப்படிச் சுற்றியதில்லை. அது நான்தான்.

பெண்பிள்ளைகளுக்கும் சம்மட்டி எறிதல் உண்டு என்று அந்த வருஷம்தான் எங்கள் பள்ளிக்குச் செய்தி வந்தது. சாக்கில் கட்டி வந்த சாமானை அவிழ்க்கும்போது, கல் உடைக்கிறவர்கள் வைத்திருப்பதுபோல மரப்பிடி போட்ட சம்மட்டி ஒன்று வெளியே வரும் என்று நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம். வந்தது ஒரு குண்டு, குண்டிலிருந்து இடுப்பளவு நீளத்துக்கு ஒரு கம்பி, கம்பியின் முனையில் முக்கோணமாக ஒரு கைப்பிடி. எங்கள் பி.டி. சார் கபடிக்காரர். கபடியைத் தவிர மற்ற எல்லா விளையாட்டையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அந்தப் பொருளையும் காலால் ஒரு முறை உருட்டிப் பார்த்தார்.

“இதை எப்படி சார் எறியணும்?”

“சுத்திட்டு விடணும் பிள்ள.”

“எப்ப சார் விடணும்?”

“விடணும்னு தோணும்போது விடு. நான் நிக்கிற பக்கம் பாத்து மட்டும் தோணிறாம இருந்தாச் சரி.”

திராட்சைப் பெட்டி தூக்கித் தூக்கித் தோள் பரந்துபோன பெண் வகுப்பில் நான் ஒருத்திதான். அதனால் என்னிடம் கொடுத்தார்கள். முதல் எறி பள்ளிக்கூடத்து வேப்பமரத்தில் ஒரு கிளையை முறித்துக்கொண்டு இறங்கியது. இரண்டாவது எங்கே போனது என்று மதியம் வரை தேடினோம். அதோடு பி.டி. சார் குண்டை என் கையிலேயே கொடுத்து, “இது பள்ளிக்கூடத்துக்கு ஆகாது ஆத்தா, உங்க களத்துல வச்சு விடு” என்று அனுப்பிவிட்டார். இப்படித்தான் ஹேமர் என்கிற அந்த “ஏமரு” எங்கள் வீட்டுக்கு வந்தது. ஊர் அதை அப்படித்தான் சொன்னது, ஏதோ எங்கள் வீட்டில் புதிதாக ஒரு மாடு வாங்கிக் கட்டியிருக்கிறோம் என்பதுபோல.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒரு காலின் குதியையும் மறு காலின் முன்பாதத்தையும் மாற்றி மாற்றி ஊன்றித் திரும்ப வேண்டும் என்பதை விழுந்து விழுந்துதான் கண்டுபிடித்தேன். முதலில் குண்டை நான் சுற்றினேன், அது முரண்டு பிடித்தது. பிறகு ஒருநாள் காலையில், ஏன் என்று தெரியாமல், அது என்னைச் சுற்ற ஆரம்பித்தது. பந்தலின் கல்தூண்கள் ஒரு கோடாக, தென்னைகள் ஒரு கோடாக, மலை ஒரு கோடாக, இடுப்பில் கை வைத்து நிற்கும் அம்மா ஒரு சிவப்புக் கோடாக இழுபட்டு, எல்லாம் சேர்ந்து வெறும் நிறமாகிப்போன ஒரு நொடியில் குண்டின் பாரம் இரு மடங்காக, மும்மடங்காகக் கையைப் பிடுங்கும். இதற்கு மேல் தாங்காது என்கிற இடத்தில் விரலைத் திறந்தால், பாரம் போய்விடும், நான் மட்டும் களத்தில் மிச்சமிருப்பேன். எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது. அந்த மாதிரி எடையில்லாமல் நான் பிறகு எந்த இடத்திலும் நின்றதில்லை.

ஊர் வேடிக்கை பார்த்தது. கொடி நறுக்கும் கவ்வாத்து வேலைக்குப் போகிற பெண்கள் களத்துப் பக்கம் வந்ததும் முந்தானையைத் தலையில் சுருட்டி வைத்துக்கொண்டு, “ஏ ஆத்தா, நாங்க போயிக்கிறோம், கொஞ்சம் பொறுத்துச் சுத்து” என்பார்கள். “உன்னைக் கட்டிக்கப் போறவன் தலையில சட்டியக் கவுத்துக்கிட்டுத்தான் தாலி கட்டணும்” என்று ஒருத்தி. “ஏலே, அங்கன போகாத, மண்டை தெறிச்சுரும்” என்று பிள்ளைகளை அதட்டும் குரல்கள். எனக்கு எதுவும் உறைக்கவில்லை. எனக்கு அந்தக் கோடையில் ஒரே ஒரு காரியம்தான் இருந்தது.

வைகாசிக் கடைசியில் தேனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று பி.டி. சார் சொல்லியிருந்தார். வெளியூர் விளையாட்டு விடுதி. எடுத்துவிட்டால் தங்க இடம், பயிற்சி, கூடவே மேல்படிப்பு. எங்கள் வீட்டில் பெண்பிள்ளை பத்தாவதுக்கு மேல் போனதில்லை. போக வேண்டுமானால் தினம் உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏற வேண்டும். அந்தப் பேச்சு வந்த அன்று பெரியப்பா வீட்டுக்கு வந்திருந்தார். “பிள்ளைய பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு, நீ பொழுதனைக்கும் கம்பத்து ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பியாக்கும். கொடிய யாரு பாப்பா?” என்று அப்பாவைக் கேட்டார். அப்பா ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு, எல்லோரும் கேட்கச் சொன்னார்: “விடுதியில எடுத்தாகன்னா போகட்டும். எடுக்கலையா, பத்தாவதோட சரி. இதுல மறுபேச்சு இல்ல.” பெரியப்பா தலையாட்டினார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. என் கையில் குண்டு இருந்தது, பிறகு என்ன.

வீரபாண்டித் திருவிழா நடந்துகொண்டிருந்த நாட்கள் அவை. ஊரில் பாதி அங்கே போய்விட்டது. அக்கினிச்சட்டி எடுக்கிறவர்களின் மேள ஓசையும் மஞ்சள் துணியுமாக ரோட்டில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் போகவில்லை. அந்த ஆளில்லாத களத்தில்தான், ஒரு சுற்று வேகமெடுத்து நெஞ்சுவரை இழுத்தபோது கம்பி அறுந்தது. குண்டு வயலுக்குப் போனது, நான் கைப்பிடியோடு மல்லாக்க விழுந்தேன். அம்மா ஓடிவந்து என் வாயைத் திறந்து பார்த்து, பல் எல்லாம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் திட்டத் தொடங்கினாள்.

பி.டி. சாரிடம் போய் நின்றேன். “இதுக்குன்னு உள்ள கம்பி மதுரையில விக்குது. திருவிழா முடியட்டும், பள்ளிக்கூடத்துல கேட்டு வாங்குவோம்” என்றார். திருவிழா முடிந்து, கேட்டு, வாங்கி வருவதற்குள் வைகாசியே முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து, கொடிக்கடியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா பந்தலுக்குள் குனிந்து குனிந்து வந்தார். அதுவரை அவர் என் குண்டைத் தொட்டதில்லை, நான் சுற்றுகிற பக்கம் நின்று பார்த்ததில்லை. என்ன என்று கேட்டார். சொன்னேன்.

“கம்பிக்கு மதுரைக்குப் போகணுமாக்கும்” என்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். எங்கள் தலைக்கு மேலே, தூணுக்குத் தூண் குறுக்கும் நெடுக்குமாக, வானத்தைச் சின்னச் சின்னக் கட்டமாக அறுத்துக்கொண்டு கம்பி ஓடிக்கொண்டிருந்தது. “ஊரு பூரா தலைக்கு மேல கம்பிதான ஓடுது. எந்திரி.”

அப்பா கட்டிய பந்தல் காற்றுக்குச் சாய்ந்ததில்லை என்று பெயர். மோட்டார் ரூமிலிருந்து எட்டாம் நம்பர் கம்பிச் சுருளை எடுத்துவந்து களத்தில் போட்டார். அறுந்த துண்டுகளை நுனியோடு நுனி சேர்த்துவைத்து, ஆணியால் தரையில் கீறி அளவு எடுத்து, அந்த அளவுக்கு ஒரு நூல்கூடக் கூடாமல் குறையாமல் புதுக்கம்பியை வெட்டி, பந்தலின் மூலைக்கல்லுக்குக் கட்டுகிற அதே முறுக்கில் இரண்டு முனையையும் குறட்டால் முறுக்கினார். முறுக்கும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, தன்னுடைய பாரம் முழுவதையும் அந்தக் குறட்டின் மேல் வைத்தார். பிறகு குண்டை என்னிடம் நீட்டி, “இப்ப விடு பாப்போம். பந்தலே நிக்கிது, இது நிக்காதா” என்றார்.

நின்றது. அன்றிலிருந்து அவர் தினமும் வந்தார். களத்து ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு எறிக்கும் “ம்” என்பார். விழுந்த இடத்துக்குத் தாளை மிதித்துக்கொண்டு போய், குண்டைத் தோளில் வைத்துத் தூக்கிவந்து தருவார். வயலை அவர் அளப்பது வரப்பையும் வாய்க்காலையும் வைத்து. “நேத்து வாய்க்காலுக்கு இந்தண்டை. இன்னைக்கு அந்தண்டை” என்று அம்மாவிடம் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். வாரத்துக்கு வாரம் தூரம் கூடிக்கொண்டே போனது. எனக்கு உரம் ஏறுகிறது என்று அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கம்பத்துக்குப் போய்வந்த ஒருநாள் எனக்கு வெள்ளைக் கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிவந்து, அடுப்படியில் வைத்துவிட்டுப் போனார். பெரியப்பா ஒருதரம் களத்துப் பக்கம் வந்து பார்த்துவிட்டு, “என்னடா, நீயும் சேந்து ஆடுற” என்றபோது, “எடுத்துருவாகண்ணே” என்று மட்டும் சொன்னார். எடுத்துவிட வேண்டும் என்று என்னைவிட அவருக்கு ஆசை வந்துவிட்டது என்பதை அந்த ஒரு சொல்லில்தான் நான் கண்டுகொண்டேன்.

தேனிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். குண்டைச் சிமெண்டுச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மைதானத்தில் எனக்கு முன்பின் தெரியாத பெண்கள், கட்டையாக வெட்டிய முடியும் அரைக்கால் சட்டையுமாக. பாவாடைக்குள் அண்ணனின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு நான். பெற்றவர்கள் எல்லாம் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்றார்கள். அப்பா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சம்மட்டிகளைச் சரிபார்க்கிற அதிகாரி ஒரு அம்மா. கண்டிப்பாகவும் இல்லை, கனிவாகவும் இல்லை. காலையிலிருந்து வெயிலில் நிற்கிற யாரையும்போல இருந்தார். என் குண்டைத் தராசில் நிறுத்தார். சரி என்றார். பிறகு அதைப் புல்லில் நீளமாக வைத்து, பக்கத்தில் அவர்களுடைய சம்மட்டியை வைத்தார். இரண்டின் கைப்பிடிகளும் ஒரே வரிசையில் இருந்தன. குண்டுகள் ஒரே வரிசையில் இல்லை. என்னுடையது ஒரு கைப்பிடி அகலம் தள்ளிக் கிடந்தது.

“கம்பி நீளம். இதை வச்சு எறிய முடியாதும்மா. எங்களோடதை எடுத்துக்க.”

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, புல்லில் கிடந்த அந்த இரண்டு கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் அது: பாரம் ஏறினால் பந்தல் கம்பி தொய்யும். காய் பிடித்துக் கொத்துக் கொத்தாகத் தொங்கும்போது இழுபட்டு இழுபட்டு நீளும். அறுப்பு முடிந்து கவ்வாத்து வெட்டியதும், வருஷம் தவறாமல், ஒவ்வொரு மூலைக்கல்லாகப் போய் முறுக்கை இறுக்கிக் கம்பியை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். அதைச் செய்யாத வருஷம் அப்பாவின் வாழ்க்கையில் அதுவரை இல்லை. ஆனால் என் குண்டு அவர் கண்ணுக்குக் காயாகத் தெரியவில்லை. நான் சுற்றச் சுற்ற முறுக்கு இளகி, கம்பி நூல் நூலாக நீண்டிருக்கிறது. நீண்ட கம்பி தூரமாகப் போய் விழுந்திருக்கிறது. வாய்க்காலுக்கு அந்தண்டை என்று அவர் அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த தூரத்தில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு அந்தக் கம்பியுடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூன்று வாய்ப்பு. அவர்களுடைய சம்மட்டி குட்டையாக, துறுதுறுவென்று, என் கால் திரும்பி ஊன்றுவதற்குள் முன்னால் வந்து நின்றது. முதல் எறி வட்டத்தைச் சுற்றிக் கட்டிய கூண்டின் வலையில் போய் அடித்து அங்கேயே தொங்கி விழுந்தது. இரண்டாவதில் நான் வட்டத்தை விட்டு வெளியே தடுமாறி, கை ஊன்றி விழுந்தேன். மூன்றாவதில் பயந்துவிட்டேன். சுற்றாமல், வெறுமனே ஆட்டி, கிணற்றில் வாளியை விடுவதுபோல விட்டேன். கோட்டுக்குள்தான் விழுந்தது. அந்த அம்மா வெள்ளைக் கொடியை உயர்த்தி, பக்கத்தில், மிகப் பக்கத்தில், நாடாவைப் பிடித்து அளந்தார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில் அப்பா சாக்கைக் காலடியில் போட்டுக்கொண்டார். வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “என்ன சொன்னாக?” என்றாள். அப்பா சாக்கை இறக்கி வைத்துவிட்டு, “நல்ல வெயிலு அங்கன” என்றார். பிறகு கை கால் கழுவப் போய்விட்டார்.

நான் காத்திருந்தேன். இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, தோற்றதை அல்ல. ஆனியில் ஆற்றில் தண்ணீர் வந்தது, நாற்றங்கால் பச்சை பிடித்தது, பள்ளிக்கூடங்கள் திறந்தன. உத்தமபாளையம் போகிற பஸ் தினமும் காலையில் எங்கள் ஊர் முக்கில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது. சமைத்துக்கொண்டே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே, அப்பா ஒரு நாள், ஏதாவது ஒரு நாள், தொண்டையைக் கனைத்துக்கொண்டு “போ ஆத்தா, போய்ச் சேந்துக்க” என்று சொல்லிவிடுவார் என்று இருந்தேன். பி.டி. சார் குண்டைத் திரும்ப வாங்கிப்போக வந்தவர், செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவராகவே பேச்சை எடுத்தார்.

“பிளஸ் ஒன்ல சேத்துவிடுங்கண்ணே. அடுத்த வருசம் மறுபடி எடுப்பாக. பிள்ளைக்குக் கை இருக்கு.”

“சொன்னது சொன்னதுதான் சார்” என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. யாரோ அவர் வாயில் அந்தச் சொல்லை வைத்துக் கட்டிவிட்டதுபோலச் சொன்னார். பி.டி. சாருக்குக் குண்டை மட்டும் கொடுத்தார், கம்பியைக் குறட்டால் அறுத்து எடுத்துக்கொண்டு.

எத்தனையோ விதமாக அதை யோசித்திருக்கிறேன். பெரியப்பாவுக்குப் பயந்தார் என்று கொஞ்ச காலம் நினைத்தேன். சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டார் என்று கொஞ்ச காலம். இப்போது வேறு மாதிரித் தோன்றுகிறது. என்னை அனுப்ப வேண்டுமானால், அந்த ஆள் எடுப்பு நியாயமாக நடக்கவில்லை, நான் தோற்கவில்லை என்று அவர் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் தோற்றது எது என்றும் சொல்ல வேண்டும். அந்த வருஷம் கவ்வாத்து முடிந்து பந்தல் கம்பி இழுத்துக் கட்டிய அன்று, கூலிக்கு ஆள் விட்டுவிட்டு, அப்பா காலையிலேயே கம்பத்துக்குப் போய்விட்டார். பிறகு எந்த வருஷமும் அவர் கம்பி இழுத்து நான் பார்க்கவில்லை. நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதும் இல்லை. வாழ்க்கை நடந்தது. அடுத்த தையில் எனக்குக் கல்யாணம் ஆனது.

இப்போது நான் தேனியில் இருக்கிறேன். எங்கள் தெருவிலேயே ஒரு பெண் சம்மட்டி எறியப் போகிறாள். அவளுடைய அம்மா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறாள், எறிவதை செல்போனில் எடுத்து எல்லோருக்கும் காட்டுகிறாள். என்னிடமும் காட்டினாள். நன்றாக எறிகிறாள் என்றேன்.

மாதத்துக்கு ஒருதரம், அண்ணன் வீட்டில் இருக்கும் அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போகிறேன். அம்மா போய்விட்டாள், பெரியப்பா போய்விட்டார். கொடிக்கு நோய் வந்து, ஆள் கிடைக்காமல் போய், பந்தலையும் பிரித்துவிட்டார்கள். கல்தூண்களை யாரோ லாரியில் ஏற்றிப் போனார்கள். களத்தை உடைத்து, வயலை நிரவி, மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக்கற்களை நட்டிருக்கிறார்கள்; கற்களுக்கு நடுவே ரோடு என்று சொல்லி ஒரு செம்மண் கோடு. குண்டு விழுந்த இடம் எது, வாய்க்காலுக்கு இந்தண்டை எது என்று நின்று தேடினால் காவல்காரர் வந்து, “பிளாட்டு பாக்க வந்தீகளா?” என்று கேட்கிறார்.

அப்பாவுக்கு நினைவு விட்டு விட்டுத்தான் வருகிறது. என்னை அடையாளம் தெரிகிறது, என் வயது தெரிவதில்லை. போன வருஷம் ஒருநாள், நான் சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, “ஆஸ்டல்ல சோறெல்லாம் எப்படிப் போடுறாக ஆத்தா?” என்று கேட்டார்.

“நான் ஆஸ்டலுக்குப் போகலையேப்பா” என்றேன், யோசிக்காமல்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் ஏன் என்று தேடிப் போனார். அவருடைய முகத்தில் அந்தத் தேடல் ஒவ்வொரு படியாக இறங்குவதும், இறங்கிப் போய் அந்த மைதானத்தின் வேலி ஓரத்தில் நிற்பதும், அங்கே புல்லில் கிடப்பதைப் பார்ப்பதும் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அது அன்றுதான் நடந்தது. வாயில் இருந்த சோற்றைத் துப்பினார்.

அதற்குப் பிறகு நான் மறுப்பதில்லை. வெள்ளிக்கிழமை முட்டை போடுகிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். வார்டன் அம்மா நல்ல மாதிரி, கூட இருக்கிற பெண்கள் தூத்துக்குடிப் பக்கம், காலையில் கேழ்வரகுக் கஞ்சி, துணி துவைக்கத்தான் தண்ணீர் கொஞ்சம் கஷ்டம். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் “ம்” என்கிறார். போன வாரம் சாயங்காலம் நான் பையை எடுத்ததும், கட்டிலில் ஒருக்களித்து எழுந்து உட்கார்ந்து, “லீவு முடிஞ்சிருச்சா? நேரத்தோட கெளம்பு. இங்கன என்ன இருக்கு, போய்ப் படி” என்றார்.

சரிப்பா என்றேன். ஊர் முக்கில் பஸ் வந்தது. ஏறி, தேனிக்கு ஒரு டிக்கெட் கேட்டேன்.